யாழ் மரம் முதல் பழைய நிலைக்கதவு வரை

நரம்புக் கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொள்ள முனைபவருக்கு, சுருதியும் சுரமும் பற்றிய கவலைகள் எழுவதற்கு நெடுநாள் முன்னரே மரத்தைப் பற்றிய கேள்வி எழுந்துவிடுகிறது. எந்த மரம், அது எங்கே கிடைக்கும், கிடைத்தது தகுதியானதுதானா என்னும் மூன்றுக்கும் விடை தெரியாமல் உளியை எடுக்க முடியாது. சென்னையின் மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையில் அமைந்திருக்கும் கொரட்டூரில் இன்று இக்கேள்வியை எழுப்புபவர் மரக்கடை, பழைய மரம் விற்கும் கிடங்கு, தொழிற்பேட்டையின் பெட்டி மரம் என்று அலைய நேர்கிறது. 2011 வரை அம்பத்தூர் நகராட்சியிலும் அதன் பின் சென்னை மாநகராட்சியிலும் சேர்ந்த இவ்வூர் பழைய நாட்டுப் பிரிவில் தொண்டைநாட்டைச் சேர்ந்தது; வீட்டிலேயே செய்த நரம்புக் கருவியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றும் தொண்டைநாட்டு மன்னனைப் பாடிய நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஆநிரை மேய்க்கும் இடையன் ஒருவன் தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதிச் சலித்தபின், குமிழ மரத்தின் உள்துளை கொண்ட கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டிய வில்யாழை மீட்டுகிறான். மரல் என்பது வேலியோரங்களில் இன்றும் வளரும், தடித்து நீண்ட இலைகளையுடைய மருள் செடியாகும். இந்த இடையன் தச்சனல்லன், பாணனுமல்லன். அவன் எடுத்துக்கொண்ட இரு பொருள்களும் மேய்ச்சல் நிலத்திலேயே கிடைப்பவை. கொம்பு இயல்பாகவே உட்புழை கொண்டிருப்பதால் குடைய வேண்டிய வேலை மிச்சமாகிறது. நார் நரம்புக்கு மிகுந்த இழுவிசை தேவைப்படாததால் மெல்லிய கொம்பே அதைத் தாங்கிக்கொள்கிறது. கையருகே உள்ளதைக் கொண்டு, அதன் இயல்பை அறிந்து, அதற்கு ஏற்றபடி கருவியின் வடிவத்தை அமைத்துக்கொள்ளும் இம்முறை, பின்னாளில் வந்த பெருந்தச்சர்களின் முறைக்குச் சற்றும் குறைந்ததன்று.

மரத்தின் இயல்பை அறிதல் என்பது தமிழ் மரபில் இலக்கண நூலுக்குள்ளேயே இடம்பெற்ற அறிவாகும். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் மூங்கிலும் புல்லினம், வேங்கையும் தேக்கும் மர இனம். கருவி செய்பவருக்கு இப்பிரிவு நேரடியாகப் பயன்படுவது. வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் கூடாகவும் உள்ள மூங்கில், எளிதில் வளையாத தண்டாகிறது. ஆகவேதான் திருவிழாக் கடைகளிலும் கடற்கரையிலும் பிள்ளைகளுக்கு விற்கப்படும் கொட்டாங்கச்சி வயலினுக்கு மூங்கில் குச்சியே கழுத்தாக அமைந்தது. அகவயிர மரத்திலோ நடுப்பகுதியான வயிரமே நிலையானது, அதைச் சூழ்ந்த வெளிறு என்னும் வெளிர்நிறப் பகுதி பூச்சி அரிப்புக்கும் ஈரத்துக்கும் எளிதில் இரையாவது. எனவே அத்தகைய மரத்தில் கருவி செய்பவர் வெளிற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு வயிரத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

யாழுக்கு உரிய மரங்கள் இவை என்று வகுத்துக் கூறும் பழைய வெண்பா ஒன்றைச் சீவக சிந்தாமணியின் உரை மரபு காத்துத் தந்திருக்கிறது. கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு ஆகிய 5 மரங்கள் அதில் சொல்லப்படுகின்றன. இவற்றுள் கொன்றையும் கருங்காலியும் கனமும் உறுதியும் உள்ளவை; முருக்கும் குமிழும் தணக்கும் இலேசானவை. நரம்புகளின் இழுவிசையைத் தாங்கும் வளைந்த தண்டாகிய கோட்டுக்கு முதல் இரண்டும், ஒலியைப் பெருக்கும் குடமாகிய பத்தருக்கு மற்ற மூன்றும் உரியவை என்று கொள்ளும்போது, அப்பட்டியல் மரப்பெயர்களின் தொகுப்பாக நில்லாமல் ஒரு தொழில்நுட்பக் கொள்கையாகவே தோன்றுகிறது. தாங்க வேண்டிய உறுப்புக்குக் கனமான மரம், அதிர வேண்டிய உறுப்புக்கு இலேசான மரம் என்னும் அதே கொள்கையைத்தான் ஐரோப்பிய வயலின் தச்சர்கள் விரல்பலகைக்குக் கருங்காலியையும் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் என்னும் இலேசான ஊசியிலை மரத்தையும் கொள்வதில் காண்கிறோம்.

மர இனத்தைக் காட்டிலும் மரத்தின் வாழ்க்கை முக்கியமானது என்பதையும் சீவக சிந்தாமணியே உணர்த்துகிறது. காந்தருவதத்தை என்னும் நங்கையை இசைப்போட்டியில் வெல்ல வந்த காப்பியத் தலைவன் சீவகன், தன் முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவற்றின் மரக் குற்றங்களைச் சொல்லி விலக்குகிறான். நீரிலே நின்றது, அழுகியது, தீயில் வெந்தது, பலவகை மண் மயங்கிய நிலத்தில் வளர்ந்தது, இடி விழுந்தது, நோயுற்றது என்று உரையில் விரியும் அக்குற்றங்கள் அனைத்தும், வெட்டப்படுவதற்கு முன் அந்த மரத்துக்கு நேர்ந்தவை. கவிதை அணியாக இதை ஒதுக்கிவிட இடமில்லை, ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் தச்சர் அறிந்த காரணம் உண்டு. நீரில் நெடுங்காலம் நின்ற மரத்தின் இழைகளுக்குள் பூஞ்சை புகுந்து அவற்றின் விறைப்பைக் குறைக்கிறது. இடி விழுந்த மரம் வெளியே நலமாகத் தெரிந்தாலும் உள்ளே நெடுக்கில் மயிரிழைப் பிளவுகளைக் கொண்டிருக்கக்கூடும். நிலம் மாறுபடும் இடத்தில் வளர்ந்த மரத்தின் ஆண்டு வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் அமைவதால், பலகையாக அறுத்தபின் அது ஒருபுறமாக வளைகிறது. தீயில் வெந்தது நொறுங்கும். மயிரும் தும்பும் கொடிய முறுக்கும் இல்லாத நரம்பே நல்ல நரம்பு என்று நரம்புக்கும் இதே போன்ற சோதனை சொல்லப்பட்டிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்நூலை இயற்றிய திருத்தக்கதேவர் காலத்தில் கருவிப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதற்கென ஒரு முழுமையான முறை இருந்தது என்பது புலனாகும். எந்த மரம் என்று கேட்பதோடு நில்லாமல் அது எங்கே நின்றது, எப்படி வீழ்ந்தது என்றும் கேட்ட இம்முறைதான், கொரட்டூர் போன்ற நகர்ப்புறத்தில் பழைய மரத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கும் இன்று கைகொடுப்பது.

சங்க கால யாழுக்கும் பிற்கால வீணைக்கும் இடையில் மரத்தின் பணியில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பொருநராற்றுப்படை முதலிய நூல்கள் வருணிக்கும் யாழின் பத்தர் தோலால் போர்த்தப்பட்டது. நரம்பின் அதிர்வை முதலில் ஏற்பது அந்தத் தோலே, மரம் அதைத் தாங்கும் கூடு மட்டுமே. வீணையில் தோல் இல்லை. குடத்தை மூடும் மேற்பலகையும் மரமாகவே இருப்பதால், குதிரை எனப்படும் நரம்புதாங்கியின் வழியே வரும் அதிர்வு முழுவதையும் மரமே ஏற்று ஒலியாக்க வேண்டியிருக்கிறது. இதனால் மரத்தின் தேர்வு முன்னெப்போதையும்விடக் கடுமையாயிற்று. தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளுடன் இன்றைய வடிவம் பெற்றதாக மரபு கூறும் தஞ்சாவூர் வீணைக்கு அந்த மரமாக அமைந்தது பலா. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கருவிக்கு வேண்டிய பலா பெரும்பாலும் பண்ருட்டி வட்டாரத்திலிருந்து செல்கிறது. மிருதங்கக் கட்டைக்கும் அதே ஊர்ப் பலாதான் பெயர் பெற்றது. ஒரே மரத்துண்டில் குடம், தண்டி, யாளித் தலை மூன்றையும் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை.

பலாவின் சிறப்பு அதன் நடுநிலையில் இருக்கிறது. தேக்கைவிடச் சற்று இலேசானது, முருக்கைவிடப் பன்மடங்கு உறுதியானது. குடைவதற்கு இணங்கும், கறையான் எளிதில் தொடாது. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்து, காற்றும் ஒளியும் பட்டுப் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிரும். வீணைத் தச்சர் அடிமரத்தின் வெட்டுமுகத்தைத்தான் முதலில் பார்க்கிறார். வெளிற்றுக்கும் வயிரத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறதா, நடுவில் நட்சத்திர வடிவில் வெடிப்பு கிளம்பியிருக்கிறதா, கிளை முளைத்த இடத்துக் கணு குடத்தின் பரப்புக்குள் வருமா என்று கண்ணால் அளந்தபின், சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். மங்கிய ஒலி வந்தால் உள்ளே ஈரமோ பிளவோ உண்டு. தெளிந்து நீளும் ஒலி வந்தால் மரம் ஒரே சீராக இருக்கிறது. அதன்பின் குடத்தை முரட்டளவில் குடைந்து, சுவரைத் தடிமனாகவே விட்டு, நிழலில் மாதக்கணக்கில் காயவைக்கிறார். மரம் சுருங்கித் திருகி ஓய்ந்த பிறகே இறுதிச் செதுக்கு. 1891இல் தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி விரிவான நூலை வெளியிட்ட கேப்டன் சி. ஆர். டே முதல், 1921இல் வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை அமைப்பை ஆய்ந்து கட்டுரை எழுதிய சி. வி. இராமன் வரை அறிஞர் பலர் இக்கருவியின் பால் ஈர்க்கப்பட்டனர். ஆயினும் மரத்தைத் தட்டிப் பார்க்கும் அச்செவியறிவு நூல்களில் ஏறாமல் தச்சர் குடும்பங்களிலேயே தங்கிவிட்டது, அதை எழுதி வைக்காதது தமிழிசை உலகின் பெரிய குறை.

சென்னைக்கு மேற்கிலுள்ள ஏரிப் பாசன நிலங்களில் பலா பெருமரமாக வளர்வதில்லை. இவ்வட்டாரத்தின் இயற்கையான மரங்கள் எவை என்பதைக் கோயில்களே காட்டிக்கொடுக்கின்றன. கொரட்டூரிலிருந்து மேற்கே உள்ள திருவேற்காடு வேல மரக் காட்டால் பெயர் பெற்றது; திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில், குறும்பரை வென்ற தொண்டைமான் கொண்டுவந்து நட்டவை என்று தலவரலாறு கூறும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. வேலும் வேம்பும் பனையும் புங்கும் பூவரசும் ஏர்க்கலப்பைக்கும் வண்டிக்கும் கூரைக்கும் போதுமானவையாக இருந்தன. இசைக்கருவிக்கு உரிய பெருமரம் வேண்டுமென்றால் அது வெளியிலிருந்தே வர வேண்டியிருந்தது.

அந்த வெளியுலகத்தை இவ்வூருக்கு நெருக்கமாக்கியது இரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது இவ்வட்டாரத்தின் வழியாகவே சென்றது. அதே 1856இல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்கும் எஞ்சின் எரிபொருளுக்கும் காடுகள் வேகமாக அழிந்துவந்ததே வனத்துறை ஒன்று தேவை என்ற எண்ணத்தை வலுப்படுத்திய காரணங்களுள் ஒன்று. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின், காட்டில் நுழைந்து வேண்டிய மரத்தைத் தேர்ந்தெடுக்கும் பழைய உரிமை சுருங்கி, மரம் என்பது டிப்போவில் ஏலம் எடுக்கும் சரக்காயிற்று. மறுபுறம், மௌல்மீன், இரங்கூன் துறைமுகங்களிலிருந்து பர்மா தேக்கு கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கியது. மாளிகைகளின் தூண்களும், மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மேல்தளத்தைத் தாங்கிய விட்டங்களும், நிலைக்கதவுகளும், இரயில் பெட்டிகளின் உடற்சட்டங்களும் தேக்காலானவை. செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து மரச் சட்டங்களின்மேல் அமைக்கும் தளமே மெட்ராஸ் டெரஸ். 1955இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை முழு எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியபோது அந்தத் தேக்குக் காலம் முடிவை நோக்கித் திரும்பியது.

இதே காலப்பகுதியில் தென்னிந்திய மரங்கள் உலகின் நரம்புக் கருவிகளுக்குள் புகுந்தன. ஈட்டி அல்லது தோதகத்தி எனப்படும் மரம், பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் நிறுவனத்தால் 1969இன் இறுதியில் மாற்றாக ஏற்கப்பட்டது. அதன்பின் நல்ல கிடார் என்றாலே முதுகும் விலாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் என்ற நிலை உலகெங்கும் ஏற்பட்டது. சித்தூர், கடப்பை மலைகளின் செம்மரமோ ஜப்பானியரின் ஷாமிசென் என்னும் 3 தந்திக் கருவியின் கழுத்துக்கு மிக உயர்ந்த மரமாக மதிக்கப்படுகிறது. அம்மலைகள் கொரட்டூரிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளன. ஆனால் தன் வீட்டில் கருவி செய்பவர் அம்மரத்தின் ஒரு சாணையும் எளிதில் வாங்க முடியாது. செம்மரம் 1995இலும் ஈட்டியினம் முழுவதும் 2017 சனவரியிலும் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தது. இக்கட்டுப்பாடுகள் தேவையானவை. கடத்தல்காரர் வெட்டிய ஒவ்வொரு செம்மரத்துக்குப் பின்னும் ஓர் ஏழைக் கூலியின் உயிரும் சிறையும் இருக்கின்றன என்பதை நினைத்தால், அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரம் தேடுவதே எந்தக் கலைஞனுக்கும் அழகு.

வேறு மரம் என்னும்போது கொரட்டூரின் தொழில் வரலாறு துணைக்கு வருகிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள் ஆலையும் 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தபின், கொரட்டூரை அடுத்த பாடி முதல் ஆவடி வரை ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகள் பெரும்பாலும் பைன், ஸ்புரூஸ் ஆகிய ஊசியிலை மரங்களால் ஆனவை. பெட்டி மரம் என்று விறகுக்கும் தற்காலிகத் தடுப்புக்கும் விலைபோகும் அப்பலகைகளில், வயலின் மேற்பலகைக்குரிய மர இனமே எளிய உருவில் கிடக்கக்கூடும். ஆனால் இனம் ஒன்றாயிருப்பது மட்டும் போதாது. பலகையின் முனையைப் பார்த்தால் ஆண்டு வளையக் கோடுகள் தெரியும். அவை பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரப்போக்கில் அறுத்தது, வளைந்து படுத்திருந்தால் புறப்போக்கில் அறுத்தது. மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காதலால், புறப்போக்குப் பலகை வளையும், ஆரப்போக்குப் பலகை நிலைத்து நிற்கும். பெட்டிக்கு அறுப்பவர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பல பலகைகளைப் புரட்டினால் கணுவற்ற, நெருங்கிய வளையக் கோடுகள் செங்குத்தாக ஓடும் ஒன்று அகப்படக்கூடும். அண்மைக்காலப் பலகையாயின் அதில் கதிர் முத்திரையும் எழுத்துகளும் குத்தப்பட்டிருக்கும். 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு விதியின்படி எச்.டி. என்பது மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்பதையும், எம்.பி. என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தப்பட்டது என்பதையும் குறிக்கும். இரண்டாவது முத்திரையுள்ள பலகையை வீட்டு வேலைக்கு எடுக்காமல் விடுவதே நலம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு ஏழை மக்கள் கிடாரும் பிடிலும் செய்துகொண்ட வழக்கம், இத்தகைய பெட்டி மரத்தின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது. அச்சுருட்டுப் பெட்டிகளுக்குரிய சிடார் மரம், தமிழகத்து மலைகளில் வளரும் சந்தன வேம்பின் உறவினம். வடநாட்டில் சிதாரும் சரோடும் செய்ய துன் என்ற பெயரில் எடுக்கப்படுவதும் இதே சந்தன வேம்புதான்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த மூலம் இடிக்கப்படும் வீடுகளே. தனி வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவரும் இவ்வட்டாரத்தில், பழைய நிலைகளும் கதவுகளும் விட்டங்களும் பழைய மரக் கிடங்குகளுக்கு வந்து சேர்கின்றன. அறுத்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன தேக்கு, எத்தனையோ கோடையையும் ஐப்பசி மழையையும் பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. புதிய மரத்தை வாங்கிப் பல ஆண்டுகள் காயவைக்க வேண்டிய பொறுமையை அந்த வீட்டில் வாழ்ந்தவர்களே அறியாமல் செலுத்திவிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கதவுச் சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை, சீவகன் யாழைச் சோதித்த முறைக்கு நெருக்கமானது. நிலையின் அடிப்பாகம் பல்லாண்டு தரை ஈரத்தில் நின்றதாதலால் அதன் கடைசிச் சாண் அளவைக் கழித்துவிட வேண்டும். கீல் இருந்த இடத்தில் திருகாணித் துளைகளைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால், இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்தைத் தின்றிருக்கிறது என்று பொருள். காந்தத்தைப் பரப்பின்மேல் ஓட்டினால் தலை முறிந்து உள்ளே தங்கிய ஆணிகள் அகப்படும். அவற்றை எடுக்காமல் இழைப்புளியை வைத்தால் அலகு போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தேய்த்துத் தூளாக்காமல் சுரண்டி எடுப்பதே பாதுகாப்பு. பின் ஒரு முனையைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால், நல்ல சட்டம் தெளிவாக ஒலிக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக இழைத்த முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காலம் தாழ்த்தாமல் ஒட்டினால்தான் பசை பிடிக்கும். மேற்பலகைக்குத் தேக்கு சற்றே கனமானது, ஆயினும் கழுத்துக்கும் தண்டிக்கும் அதைவிட நம்பகமான மரம் இவ்வூர்க் கிடங்குகளில் அரிது.

தெருவோர மரங்களும் கருதத்தக்கவையே. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையும் புறநகரும் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தன; வீழ்ந்தவற்றுள் பெரும்பகுதி துண்டு துண்டாக அறுக்கப்பட்டு விறகாகவும் குப்பையாகவும் போயிற்று. நிழலுக்காக நட்ட தூங்குமூஞ்சி மரமும், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் பூவரசும், ஹவாய்த் தீவுகளில் யூகுலேலி என்னும் 4 தந்திச் சிறு கிடார் செய்யும் தச்சர்களால் விரும்பி எடுக்கப்படுபவை என்பதை இங்கே பலர் அறியார். 1879இல் போர்ச்சுகீசியத் தீவாகிய மதீராவிலிருந்து அங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்த சிறு கருவியை, உள்ளூர் மரங்களால் மறுபடி செய்தபோது பிறந்ததே யூகுலேலி. கருவியை மட்டும் கொண்டுபோய், மரத்தைப் போன இடத்தில் தேடிக்கொண்ட அந்தத் தச்சர்களின் துணிவை இங்குள்ளவர்களும் கொள்ளலாம். அவர்கள் விரும்பிய கோவா என்னும் ஹவாய் மரத்தின் நெருங்கிய இனமான ஆஸ்திரேலியக் கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் கொண்டுவந்து நடப்பட்டு, இன்று சோலைகளையும் புல்வெளிகளையும் ஆக்கிரமிக்கும் அயல்மரமாக அகற்றப்பட்டு வருகிறது. ஆஸ்திரேலியாவிலோ அது கிடார் மரம். அகற்றப்படும் மரத்தில் ஒரு பகுதியாவது கருவித் தச்சர் கைக்கு வந்தால் காட்டுக்கும் கலைக்கும் நன்மை.

பழைய யாழையே மீட்டெடுக்கும் முயற்சிகளும் இத்தேடலின் பகுதியாகின்றன. அந்நாளில் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் தம் யாழ் நூலை 1947இல் வெளியிட்டு, மறைந்துபோன அக்கருவியின் இசையிலக்கணத்தைக் கணக்கிட்டு நிறுவினார்; அண்மைக் காலத்தில் சென்னையில் தருண் சேகர் தம் உரு பட்டறையில் சிடார் மரத்தைக் கொண்டு யாழைச் செய்து இளைஞரிடையே அதற்குப் புது வாழ்வு தந்தார். இவ்வகையில், இடையனின் வில்யாழுக்கு உதவிய குமிழ மரம் மீண்டும் கவனிக்கப்பட வேண்டியது. குமிழ் தேக்கு என்ற பெயரில் உழவர்கள் தோட்ட மரமாக வளர்க்கும் இது, விரைவில் வளரும், இலேசானது, காய்ந்தபின் அதிகம் திரியாதது. விலையிலும் தேக்கைவிடக் குறைந்தது. சட்டத் தடை ஏதுமின்றி மரக்கடையில் கேட்டு வாங்கக்கூடிய இம்மரத்தைக் கருவிக்கு எடுப்பவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

எந்த மரமாயினும் சென்னையின் ஈரக்காற்றுக்குப் பழகாமல் அதை ஒட்டக்கூடாது. கடலும் ஏரிகளும் சூழ்ந்த இந்நகரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுந்தே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்திருக்கும், மேல்காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் வற்றிச் சுருங்கியிருக்கும். பருத்திருக்கும்போது மேற்பலகையைச் சட்டத்தில் ஒட்டிவிட்டால், அடுத்த கோடையில் அது சுருங்க இடமின்றி நடுவில் வெடிக்கிறது. சுருங்கியிருக்கும்போது ஒட்டினால், மழைக்காலத்தில் சற்றே மேல்நோக்கிப் புடைக்குமேயன்றி வெடிப்பதில்லை. ஆகவே அறுத்த பலகைகளை, இடையிடையே ஒரே தடிமனுள்ள குச்சிகளை வைத்து, சுவரில் படாமல் நிழலில் அடுக்கி, முனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, குறைந்தது ஓர் ஆண்டுச் சுழற்சி முழுவதையும் பார்க்கவிட்டு, ஒட்டும் வேலையை ஆனி மாதத்து வறண்ட பிற்பகல்களுக்கு வைத்துக்கொள்வது இவ்வட்டாரத்துக்குப் பொருந்திய முறை. பலகையின் எடையை மாதம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவந்தால், அது குறைவது நின்று பருவத்தோடு சற்றே ஏறி இறங்கத் தொடங்கும் மாதம் தெரிந்துவிடும். அதன்பிறகு அம்மரத்தில் உளி வைக்கலாம்.